ரெண்டு கிலோ ஐயாவும் கழிவு போட்ட சக்கரமும்

ஊவா மாகாணத்திலேயே கடவுளுக்குக் கழிவு போட்ட மனிதர் ஒருவர்தான். பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவதாக வேண்டிக்கொண்டு, நூற்றாறாவது சுற்றோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ரெண்டு கழிவு தம்பி. சாமிக்குத் தெரியாதா?" என்றார். தோட்ட ஆபீசில் புதுக் கிளார்க்கான நான் வாயைப் பிளந்து நின்றேன்.

இந்தப் பழக்கம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வந்தது. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை அங்கேதான் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுப்பார். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பார். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் அவருக்கு மட்டும் ஈரம் தெரியும். பதினெட்டு கிலோ இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். மாரியாயி அக்கா அநேகமாகத் தினமும் பத்தொன்பது பறிப்பார், தினமும் சண்டை போடுவார், தினமும் அரைப்பேரோடு லயத்து வீட்டுக்குப் போவார். 'ரெண்டு கிலோ ஐயா' என்று பட்டம் வைத்ததும் அவர்தான்.

ஐயாவின் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது, மூன்று கிலோ என்று நர்ஸ் சொல்ல, இவர் "துண்டோட நிறுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். நர்ஸ் அதிர்ந்துபோய்ப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாராம்.

இவருக்கு இன்னொரு பைத்தியம் சைக்கிள். சித்திரை வருடப்பிறப்புப் பந்தயத்தில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில், ஏழு வருடமாக இரண்டாவது. முதலாவது எப்போதும் ஒரு தபால்காரர். "சாகுறதுக்குள்ள ஒருக்கா அந்த ஆளு முதுகப் பாக்காம ஓட்டணும் தம்பி" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், எல்ல என்ற சுற்றுலா ஊருக்குச் சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தோட்டத்து வளைவில் விழுந்து சைக்கிளை உடைத்துக்கொண்டார். ஐயா அவரைத் தோட்ட லொறியில் ஏற்றி வந்து, காயத்துக்கு மருந்து போட்டு, பிளேன்டீயும் கொடுத்தார். நெகிழ்ந்துபோன வெள்ளைக்காரர் தன்னிடமிருந்த இரண்டு பின்சக்கரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று இறகு மாதிரி, பந்தயத்துக்கென்றே செய்தது. மற்றது கொஞ்சம் கனம். ஆனால் மிதிப்பவனின் பலத்தை அளக்கும் மீட்டர் அதற்குள்ளேயே இருந்தது. ஹாண்டிலில் மாட்டும் சின்னப் பெட்டியில் வாட் கணக்கு தெரியும். நல்ல கால் உள்ளவன் மேட்டில் முந்நூறு காட்டுவான் என்றார்.

ஐயா இரண்டையும் மடுவத்துக்குத் தூக்கி வந்தார். லேசான சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினார். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"தம்பி, இதுல ரெண்டு கழிச்சா வீலே இல்லையே!"

"வீலுக்கு எதுக்குங்க கழிவு? இத எடுங்க, தபால்காரர முந்திரலாம்!" என்று நான் கெஞ்சினேன். காதில் வாங்கவே இல்லை. இல்லாத சக்கரத்தை வெள்ளைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ரெண்டு கழித்தும் கொஞ்சம் மிஞ்சிய மீட்டர் சக்கரத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் மாலை பெண்கள் கொழுந்தோடு இறங்கி வரும் நேரம், ஐயா ஃபேக்டரி மேட்டில் மிதித்து ஏறினார். நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. உச்சியில் பெட்டியைப் பார்த்தவர் சைக்கிளோடு சாய்ந்தார். நூற்று நாற்பத்தெட்டு.

"இந்த மெசினு கழிக்குது! பாதிக்குப் பாதி கழிக்குது!"

"மெசினு உள்ளதத்தாங்க சொல்லும்" என்றேன்.

"உள்ளதா? உசுரக் குடுத்து மிதிச்சேன்யா! மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

தலைச்சுமையோடு நின்ற மாரியாயி அக்கா அமைதியாகச் சொன்னார்: "சாக்குக்கும் ஈரத்துக்கும் போயிருக்கும்ங்க, ஐயா."

மலையே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த நாள் மடுவத்தில் அக்காவின் சாக்கு தராசில் ஏறியது. முள் பத்தொன்பதில் நின்றது. ஐயா வெறும் சாக்கு ஒன்றைத் தனியாக மாட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"பத்தொம்பது" என்றார்.

"கழிவு போகவா?"

"கழிவு இல்ல. பத்தொம்பது. முழுப்பேரு."

அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஐயாவுக்குக் காய்ச்சலு போல. யாராச்சும் தொட்டுப் பாருங்கடி!" என்றார்.

பந்தயத்தில் அந்த வருடம் ஐயா மூன்றாவது. ஒரு முதுகுக்குப் பதில் இரண்டு முதுகு பார்த்தார். தோட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோர் வாயிலும் முழுப்பேர்தான்.

இரண்டு மாதம் கழித்து, தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டார். "எங்கே அந்த ரெண்டு கிலோ?" என்று மேசையைத் தட்டினார். நான் ஃபைலோடு ஓரமாக நின்றேன்.

"அது நம்மளது இல்லீங்க, தொரை" என்றார் ஐயா.

அந்த வாரமே கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் விறகுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது.

சொல்லிக்கொண்டு போகச் சைக்கிளோடு மடுவத்துக்கு வந்தவரை மாரியாயி அக்கா விடவில்லை. "எங்கள எத்தன வருசம் நிறுத்தீங்க! இன்னைக்கு நாங்க நிறுக்கணும், தொங்குங்க!" என்றார். ஐயா கூச்சத்தோடு தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. இத்தனை ஒல்லியா இந்த மனிதர்?

"அம்பத்திநாலுன்னு எழுதுங்க தம்பி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு கிலோ நாங்க போடுறோம்."

கிளார்க் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான். இன்றைக்குக் கேட்டாலும் ஐம்பத்துநாலு என்றுதான் சொல்வேன்.