பாசி டாக்டரும் போகாத பாசியும்

"டாக்டர், தொட்டிக்கு அம்மை போட்டிருக்கு," என்று கைபேசியை நீட்டினார் எலக்ட்ரீஷியன்.

அவள் அதிலிருந்த தொட்டியின் படத்தைப் பார்த்தாள். போன வாரம் வெறும் பச்சையாக இருந்த கண்ணாடியில், இப்போது பச்சைக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

அவள் டாக்டர் இல்லை. அலங்கார மீன் கடை வைத்திருப்பவள். அப்பாவுக்குப் பிறகு கடை கைக்கு வந்த வேகத்தில், 'தொட்டியில் பாசியா? எங்கள் நத்தையும் இறாலும் பார்த்துக்கொள்ளும். பாசி போகும்வரை நாங்கள் பொறுப்பு' என்று வாசலில் ஒரு பலகையை எழுதி மாட்டிவிட்டாள். அன்றைக்கே தெரு அவளுக்குப் பாசி டாக்டர் என்று பட்டம் கட்டிவிட்டது.

"அம்மை இல்லை சார், முட்டை. நான் கொடுத்த வரிக்குதிரை நத்தை கண்ட இடத்துல முட்டை வைக்கும். பயப்படாதீங்க, உப்பில்லாத தண்ணியில அது பொரிக்காது."

"பொரிக்காதா? அப்புறம் எதுக்கு வைக்குது?"

"அதை நத்தையைத்தான் கேக்கணும். பாசியைத் திங்குதா இல்லையா?"

"ராப்பகலா திங்குது டாக்டர். அது திங்கறதைவிட வேகமா இது வளருது."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடையை விற்றுவிடச் சொல்லி மாதக்கணக்காக அவள் காதில் ஓதிக்கொண்டிருப்பவர் அவர். அந்த இடத்தை வாங்கிச் செல்போன் கடை வைக்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்.

"உனக்குன்னு யார் இருக்கா? இந்த நத்தையைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு, எங்களோட வந்து இருக்கலாம்ல?" என்றார். "சரி, ஒரே பேச்சு. அடுத்த மாசக் கடைசிக்குள்ள இவர் தொட்டி சுத்தமாச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா சாவியைக் கொடுத்துடு."

"கொடுக்கறேன்," என்றாள். ரோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது.

பாசி என்று யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது, விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்றுதான். இவரிடம் மட்டும் அதைக் கேட்கக் கூசினாள். அவள் கடைத் தொட்டிகள் அத்தனைக்கும் விளக்கை நேரத்துக்கு அணைக்கும் டைமர் மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஒன்றுகூட ஒரு நிமிடம் பிசகியதில்லை. அந்த மனிதரிடம் போய், விளக்கை அணைக்கத் தெரியுமா என்று எப்படிக் கேட்பது?

அதனால் இறாலுக்குத் தாவினாள்.

"தொட்டியில பெரிய மீன் இருக்கா?"

"எல்லாம் விரல் நுனி அளவுதான்."

"அப்ப இறாலைத் தின்னுடும்ங்கற பயம் இல்லை. நத்தை கண்ணாடியைத்தான் வழிக்கும். செடியில தொங்கற நார்ப்பாசிக்கு, அமானோன்னு ஒரு வகை இறால் இருக்கு, அதுதான் சரியான ஆளு."

இறாலைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டார். தூங்குமா, சண்டை போடுமா, சட்டையை எப்போது உரிக்கும் எல்லாம் கேட்டார். போகும்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு பிளக்கை இறுக்கிவிட்டுப் போனார். இவ்வளவு அக்கறையான மனிதருக்கா இப்படி ஒரு தொட்டி என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் வந்தார்.

"டாக்டர், ஒரு இறால் குழாய் வழியா ஏறி வெளியே வந்துடுச்சு. எங்க அக்கா செருப்புக்குள்ள படுத்திருந்தது. அக்கா காலை விட்டாங்க."

"ஐயோ! அப்புறம்?"

"அவங்க போட்ட சத்தத்துல எதிர்வீட்டுக்காரர் பாதி சவரத்தோட ஓடி வந்துட்டார்."

"இறாலுக்கு என்ன ஆச்சு?"

"நல்லா இருக்கு. அக்காதான் இன்னும் தெளியலை."

தொட்டிக்கு மூடி போடச் சொன்னாள். பாசிக்குக் கிடைக்கும் சத்தைச் செடிகள் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு கட்டுச் செடியும் கொடுத்தாள். செடியோடு ஒட்டிக்கொண்டு போன குட்டி நத்தைகள், போன இடத்தில் பல்கிப் பெருகிவிட்டன. அவற்றை ஒழிக்க, நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அது குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதல் வேலையாக வரிக்குதிரை நத்தை ஒன்றைத் தின்றுவிட்டு ஓய்வெடுத்தது.

இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவாயில்லை டாக்டர், அடுத்து என்ன செய்யலாம்?" என்று புன்னகையோடுதான் வந்து நின்றார். அதுதான் அவளை இன்னும் கொன்றது. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே ஒளித்து வைக்கலாமா என்று தோன்றியது.

பேசிவைத்த மாதக் கடைசி வந்தது. அண்ணன் காலையிலேயே வந்து நின்றார்.

"வா, தொட்டியை நேர்லயே பார்த்துடலாம்."

வலையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். கையில் இருந்த கடைச் சாவி என்றைக்கும் இல்லாமல் கனத்தது.

கதவைத் திறந்தது எலக்ட்ரீஷியனின் அக்கா. வாசலில் கிடந்த செருப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டினார்.

"தம்பி இல்லையே, இப்பத்தான் வெளியே கிளம்பினான். நீங்க?"

"மீன் கடையில இருந்து வர்றோம். தொட்டியைப் பார்க்கணும்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நீதானா அது! உள்ளே வா, உள்ளே வா."

கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பட்டப்பகல். தொட்டிக்கு மேலே இருந்த விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு டியூப் லைட் எரிந்தது. போதாக்குறைக்கு, மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய விளக்கு ஸ்டூலின்மேல் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நத்தைகளும் இறால்களும் தின்று கொழுத்து, வழிக்க வழிக்கத் தீராத பச்சையில் இன்னமும் பாடுபட்டுக்கொண்டிருந்தன.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அண்ணா, பார்த்தியா? என் நத்தை மேலயும் தப்பில்லை, இறால் மேலயும் தப்பில்லை! இந்த வெளிச்சத்துக்குச் சோபாவுலகூடப் பாசி பிடிக்கும்!"

அண்ணன் தொட்டியைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். சாவிக்காக நீட்ட வைத்திருந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"இவரு எலக்ட்ரீஷியனாம்! இதையெல்லாம் கொஞ்ச நாள் அணைச்சு வெச்சாலே பாசி போயிருக்குமே!" என்று அவள் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

அக்கா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சுடாதேம்மா! பாசி போயிட்டா அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்லிக்கிட்டு உன் கடைக்கு வர்றதுன்னுதானே, என் தம்பி இதை ராப்பகலா எரியவிட்டுக்கிட்டு இருக்கான்!"