மாப்பிள்ளை மாட்டிய கார்டு

திரை கறுப்பாகவே இருந்தது.

மணிமாறன் பவர் பட்டனை மறுபடியும் அழுத்தினான். பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் 'நோ சிக்னல்' என்று இரண்டு சொற்கள் சற்று நேரம் மிதந்துவிட்டு அணைந்தன.

"வரலீங்களா மாப்பிள்ளை?" மேசைக்கு அடியிலிருந்து மாமனார் செல்லமுத்துவின் குரல் கேட்டது.

"வரும் மாமா. புதுக் கார்டுல்ல, பழக கொஞ்ச நேரம் எடுக்கும்."

கிராபிக்ஸ் கார்டு பழகும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு யார் வந்தார்கள், யார் லீவு என்று பதிவு செய்பவன் அவன். ஆனால் ஜெயங்கொண்டத்தில், மாமனார் தெருவில், அவன் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை'. கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது, அவன் அதைத் திருத்தவில்லை. திருத்த நேரமும் கிடைத்ததில்லை. மனைவி கவிதாவோடு காலையில் வந்தால் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவான். ஊரார் லீவைப் பதிவு செய்கிறவன் தானே லீவு போட்டால் நன்றாகவா இருக்கும்?

இந்தத் தடவையும் ஒருநாள் என்றுதான் வந்தான்.

செல்லமுத்து முப்பத்திரண்டு வருஷம் கும்பகோணம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிறார். விளையாட்டுதான், ஆனாலும் காக்கிச் சட்டை போடாமல் உட்கார மாட்டார். கம்ப்யூட்டர், கவிதா காலேஜ் படித்தபோது வாங்கியது. பெட்டியின் முதுகில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தார்.

"பாலத்துல ஏறுனா வண்டி இழுத்து இழுத்து நிக்கிது மாப்பிள்ளை. அணைக்கரைப் பாலத்துல பஸ்ஸை நிறுத்துனா பின்னாடி எவன் சும்மா இருப்பான்? கார்டு வாங்கி வச்சிட்டேன். நீங்க வந்து கை வச்சாப் போதும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

கை வைத்தாயிற்று. கார்டைச் செருகிப் பெட்டியை மூடியது மணிமாறன். பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி, பின்னால் வயர் மாட்டும் வேலையை மட்டும் செல்லமுத்து விட்டுக்கொடுக்கவில்லை.

"மாப்பிள்ளை தரையில தவழுறதா? தெருவுல யாராச்சும் பாத்தா என்னா நெனைப்பாங்க? நீங்க நாற்காலியில உக்காந்து சொல்லுங்க, நான் சொருகுறேன்."

மணிமாறன் உட்கார்ந்து சொன்னான். அவர் செருகினார். ஆறு மணிக்கும் திரை கறுப்பாக இருந்தது.

"பொழுது போன நேரத்துல எங்க கெளம்புறீங்க?" என்று மாமியார் சிந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாட்டுக்கோழி வெந்துக்கிட்டிருக்கு."

வேலையைப் பாதியில் விட்டுப் போனால் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்ற பேர் மிஞ்சாது. மணிமாறன் ஒருநாள் லீவு சொன்னான்.

மறுநாள் காலை அவன் குளியலறையில் வெகுநேரம் இருந்தான். போன் வீடியோவில் ஒருவர், மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவன், "கவிதா, அழிக்கிற ரப்பர் இருக்கா?" என்றான்.

"கம்ப்யூட்டருக்கா?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது."

தேய்த்தான். மாட்டினான். மாமனார் மேசைக்கு அடியில் புகுந்து வயரைச் செருகினார். அதுவரை வாயைத் திறக்காத பெட்டி, 'பீப், பீப், பீப்' என்று விடாமல் கத்தத் தொடங்கியது.

"ரிவர்ஸ் எடுக்குது மாப்பிள்ளை!" என்றார் செல்லமுத்து.

எதிர்வீட்டுப் பூமாலை வெளியே வந்து, வாசலில் நின்ற தன் மொபெட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

சத்தத்தை நிறுத்த மதியமாகிவிட்டது. சத்தம் போனது, கறுப்பு போகவில்லை. கெளுத்தி மீன் குழம்பு. இன்னொரு நாள் லீவு.

மூன்றாம் நாள் அவன் முடிவுக்கு வந்தான். "கரண்டு பத்தல மாமா. பழைய பவர் சப்ளை, பாவம், இழுக்க முடியல."

"கரெக்ட். லோடு கூடிப்போனா இஞ்சின் எப்படி இழுக்கும்?" என்று செல்லமுத்து உற்சாகமாக ஒத்துக்கொண்டார்.

கடைத்தெருவுக்குப் போய், இருந்ததிலேயே பெரிய பவர் சப்ளையாக வாங்கி வந்தான். மாட்டி, மாமனார் வயர் செருகி, சுவிட்சைத் தட்டியதும் மொத்த வீடும் அணைந்தது. மின்விசிறி நின்றது. அடுப்படியில் கிரைண்டர் முனகி ஓய்ந்தது.

"உளுந்து பாதியில நிக்கிது!" என்று சிந்தாமணி கத்தினாள். அடுத்த நொடியே வந்திருப்பவர் யார் என்பது ஞாபகம் வந்து, குரலை மாற்றிக்கொண்டாள். "பரவால்லீங்க மாப்பிள்ளை. உளுந்துதானே."

பியூஸ் போட்டார்கள். திரை கறுப்பு. ஓசூரிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "மணி, எல்லார் லீவையும் நீங்க பதிவு பண்ணுவீங்க. உங்க லீவை யாருங்க பதிவு பண்றது?"

கவிதா கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முறுக்கைக் கடித்தபடி கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். மூன்று நாளில் முகம் பளபளவென்று ஆகியிருந்தது. "மெதுவாப் பண்ணுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."

நான்காம் நாள் மணிமாறன் பெட்டியைத் தூக்கினான். "கார்டு வாங்குன கடைக்கே போயிடறேன். பில்லுல பெரம்பலூர்னு போட்டிருக்கு."

செல்லமுத்துவின் முகம் மாறியது. "பெரம்பலூரா? அவ்ளோ தூரம் எதுக்கு மாப்பிள்ளை? இன்னொரு தடவை ரப்பரால தேய்ச்சுப் பாருங்களேன்."

தேய்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியை மாமியாரின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அரியலூரில் பஸ் மாறி, பெரம்பலூரில் இறங்கினான். பக்கத்து சீட்டு அம்மாள் குழந்தை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள்.

கடைக்காரர் கிளமெண்ட் எதையும் கழற்றவில்லை. முன்பக்கம் தன்னைப் பார்க்கப் பெட்டியை மேசையில் வைத்தார். எக்கிப் பின்னால் கையை விட்டு, கடை மானிட்டரின் வயரைச் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

திரை பளிச்சென்று விடிந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பஸ் நின்றது. கீழே ஆற்றுத் தண்ணீர் வெயிலில் மின்னியது.

"ஜம்முன்னு ஓடுதே சார். வூட்ல மானிட்டர் வயரை எதுல சொருகுனீங்க?"

"ஏன்?"

"பின்னாடி ரெண்டு எடம் இருக்கு. மேல இருக்கிறது பழசு. கார்டு போட்டுட்டா அதுல படம் வராது. கீழ, கார்டுலதான் சொருகணும்."

மணிமாறனுக்கு மேசையும், மேசைக்கு அடியில் தவழ்ந்த மாமனாரின் கால்களும் கண்ணில் நின்றன. முதல் நாளே அவன் சரியாகத்தான் மாட்டியிருக்கிறான்! நான்கு நாளில் முதல்முறையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டான். மாமனார் மேல் இரக்கம்கூட வந்தது. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து போன் போட்டான்.

"மாமா, உள்ள ஒரு சின்னக் கோளாறு. கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன். இனிமே பாலத்துல நிக்காது. காலையில மொத பஸ்ஸுக்கு நாங்க கெளம்பிடறோம்."

"அப்படீங்களா... சரிங்க மாப்பிள்ளை" என்ற குரல், காற்றுப் போன டயர் மாதிரி வந்தது.

மணிமாறன் போனைப் பார்த்தான். "சந்தோசமே படலையே? பாவம் பெரியவரு, நாலு நாளா தெரியாம மேலயே சொருகியிருக்காரு."

கிளமெண்ட் பெட்டியைச் சேலையில் சுற்றித் தர முதுகுப் பக்கம் திருப்பினார். 'மீண்டும் வருக' ஸ்டிக்கரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அட, நம்ம டிரைவர் ஐயா பொட்டியா! அவருக்கா தெரியாது? போன மாசமே இங்க வந்து, இதே கார்டை அவரே மாட்டி, கும்பகோணம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கழட்டி எடுத்துட்டுப் போனாரு. 'மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரமாச்சும் தங்கணும் தம்பி, நாளுக்கு ஒரு கோளாறு சொல்லிக்குடுங்க'ன்னாரு. ஏழு எழுதிக் குடுத்தேன். நீங்க என்னா சார், நாலு நாளா மொதக் கோளாறையே தாண்டலையே!"