கிழக்குப் பார்த்து நின்ற கார்

விபத்து நடந்த முதல் அரை மணி நேரத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால் போதும், அவனுடைய புத்தியின் அளவு தெரிந்துவிடும். என்னுடைய அளவை ஊரே நின்று பார்த்தது. போதாததற்குக் காப்புறுதிக் கம்பெனி அதைப் பல கோணங்களில் படமும் எடுத்துக்கொண்டு போனது.

கார் என்னுடையதல்ல. என் அக்காவின் கணவருடையது. அத்தானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். கொக்குவிலில் இருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. (வேலைவெட்டி இல்லாதவன் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "சிவத்துக்குத்தான் நேரம் இருக்கு" என்று மட்டும் சொல்லுவா.) திரும்பி வரும்போது அத்தான் பிழிந்து கொடியில் போட்ட சாரம் மாதிரி இருப்பார். பின் சீற்றில் சாய்த்துவிட்டுக் குழிகளைத் தவிர்த்து மெதுவாக ஓட்டுவேன். அந்தக் கார் ஓடும்வரைதான் அவருடைய பாடும் ஓடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு இன்னும் நாலைந்து வளவு தூரம்தான். மேற்கே பார்த்து வந்துகொண்டிருந்தோம். நான் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தான் கண்ணை மூடியிருந்தார். எதிரே ஒரு மீன் பட்டா வந்தது. (சின்ன லொறிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) பிறகு ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் அத்தானுடைய இடக் கையைத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுகிற கை அது. அதற்கு ஒன்று நடந்தால் ஆளே இல்லை. கை தப்பியிருந்தது. காரின் வலப்பக்க முகம் உள்ளே போய், ரேடியேற்றர் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டாவுக்கும் வலப்பக்க முகத்திலேயே அடி. தெருவெல்லாம் கண்ணாடித் தூளும் ஐஸ்கட்டியும் சூடை மீனும்.

பட்டாவில் இருந்து இறங்கியவர் கழுத்தில் செபமாலை போட்ட ஒரு நடுவயதுக்காரர். கொழும்புத்துறை மரியதாஸ் என்று பிறகு தெரிந்தது.

"ஏன் அண்ணை என்ரை பக்கத்துக்கு வந்தனீங்கள்?"

"நானோ? நீர்தானே காணும் நடுத்தெருவைத் தாண்டினது!"

"மாதா சத்தியமா நான் என்ரை பாட்டுக்கு வந்தனான்."

உண்மை தெருவிலேயே கிடந்தது. பட்டா பிரேக் பிடித்த கறுப்புக் கோடு என் பக்கத்தில் தெளிவாக இருந்தது. கண்ணாடித் தூளும் என் பக்கம்தான். நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்பது. காப்புறுதிக்காரருக்குப் போன் பண்ணியபோது அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "நாங்கள் வரும்வரைக்கும் ஒண்டையும் அசைக்காதேங்கோ."

அதற்குள் செய்தி கேட்டு அக்கா ஓடிவந்தா. ஒரு கையில் தேங்காய், மற்றக் கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. அத்தானுக்கு நாவூறு கழித்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் அவவின் எண்ணம். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, காருக்கும் கழிக்கவேணும். ஆனால் மேற்காலை பாத்துக்கொண்டு நிக்கிற வண்டிக்குத் தேங்காய் உடைக்கலாமோ? கிழக்குப் பாத்தெல்லோ நிக்கவேணும்?"

"உதெல்லாம் இப்ப தேவையோடா?" என்றா அக்கா.

தேவை என்று சொன்னேன். காரைத் திருப்ப இடம் போதவில்லை. ஆகவே மரியதாஸிடம், "தம்பி, உம்மடை பட்டாவைக் கொஞ்சம் பின்னுக்கு எடும்" என்று கேட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் தன் பக்கத்துக்கு எடுத்து ஒழுங்காக விட்டார். பிறகு அவரே இறங்கி வந்து என்னோடு சேர்ந்து காரைத் தள்ளினார். கிழக்குப் பார்க்க நிறுத்தினோம். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலில் குத்தும் என்று கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளினேன். மீன் மணம் போகட்டும் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அது போதாமல் பக்கத்து வீட்டு வளவில் குழாய் வாங்கித் தெருவைத் தேய்த்தே கழுவிவிட்டேன்.

எல்லாம் முடிந்து கையைத் துடைக்கும்போது காப்புறுதிக்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரைப் பார்த்தார். பட்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டு வாகனமும் கிழக்காலை பாத்துக்கொண்டு நிக்குது. ரெண்டுக்கும் முகத்தில அடி. எப்பிடி முட்டினது?"

"அது தம்பி, தேங்காய் உடைக்கத் திருப்பினது."

"பிரேக் பிடிச்ச அடையாளம்?"

"கழுவியாச்சு."

"கண்ணாடி?"

"கூட்டியாச்சு."

"ஒண்டையும் அசைக்கவேண்டாம் எண்டு போனில சொன்னவையல்லோ?"

"சொன்னவை. பிள்ளையார் காரியம் அதுக்குள்ளை வராது எண்டு நினைச்சன்."

அந்தத் தம்பி ஈரத் தெருவைச் சுற்றும்முற்றும் பார்த்தார். "செத்தவீடு முடிஞ்சு கழுவிவிட்ட முற்றம் மாதிரிக் கிடக்கு ஐயா" என்றார். பிறகு படம் எடுத்தார்.

மரியதாஸுக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி மட்டும்தான்; சொந்தப் பட்டாவின் சேதத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. பிழை என்னுடையது என்று முடிவானால் எங்கள் கம்பெனி அவருடைய பட்டாவுக்குப் பொறுப்பெடுக்கும். அவர் விடுவாரா? பொலிஸில் போய், கார்தான் குறுக்கே வந்தது என்று எழுதிக்கொடுத்தார். நான் பட்டாதான் வந்தது என்று எழுதிக்கொடுத்தேன். பொலிஸார் இரண்டையும் வாசித்துவிட்டுச் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். கம்பெனி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, சொல்லுகிற சம்பவமும் வாகனத்தின் சேதமும் பொருந்தவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றது. திருத்தக் காசில்லாமல் கார் கராச்சின் பின்பக்கத்தில் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு அத்தானை ஓட்டோவில் கொண்டுபோனேன். ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இடக் கையை வலக் கையால் பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கி வைத்திருப்பார். ஒருநாள் திரும்பி வரும் வழியில் இரண்டு தரம் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தார். "இனிமேல் நான் போகேல்லை" என்றார். அத்தான் விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை. போகாவிட்டால் என்ன நடக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு எங்கள் படலையில் மரியதாஸ் நின்றார். சண்டைக்கு வந்தவர்.

"அண்ணை, உங்கடை பிழை எண்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ரை பட்டா…" என்று தொடங்கியவர், நானும் ஓட்டோக்காரரும் அத்தானைத் தூக்கி இறக்குவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயாவை ஓட்டோவிலயோ கொண்டு போறியள்?"

"ஓம். உம்மடை புண்ணியத்தில."

அவர் படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் காலையில் படலையில் கோர்ன் சத்தம். முகத்தைக் கயிற்றால் கட்டிய பட்டா நின்றது. முன் சீற்றில் இரண்டு தலையணையும் ஒரு போர்வையும்.

"ஐயாவை ஏத்துங்கோ" என்றார் மரியதாஸ். "பிழையைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

அக்கா மீன் கழுவின தண்ணீரைக்கூட மிதிக்காத சைவம். பட்டாவைப் பார்த்தா, அத்தானைப் பார்த்தா. "ஏறுங்கோ" என்றா.

முன்னுக்கு இரண்டு சீற்றுகள்தான். அத்தான் ராசா மாதிரி முன்னால். நான் பின்னால், வெறும் மீன் பெட்டிகளோடு. அன்று திரும்பி வந்து இறங்கிய அத்தானின் முகத்தில் கனநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"டேய் சிவம், இண்டைக்குத்தான் நிம்மதியாப் போயிட்டு வந்தனான்."

"பட்டா அவ்வளவு சொகுசோ அத்தான்?"

"இல்லையடா. நீ பின்னாலை இருந்தாய். விபத்து நடந்த அண்டைக்கும் நான் நித்திரை எண்டோ நினைச்சாய்? உன்ரை கதைக்குப் பயந்துதானடா கண்ணை மூடினனான். திறந்திருந்தால் ஆரின்ரை பிழை எண்டு பாத்திருப்பன்."

இன்றைக்கும் நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அக்காவின் பேரப்பிள்ளைவரை பழகிவிட்டது.

மாரி தொடங்கும்வரை மரியதாஸ் ஒரு நாளும் தவறவிடவில்லை. முதல் மழையோடு அத்தான் போய்விட்டார். வீட்டில், சொந்தக் கட்டிலில். செத்தவீட்டுக்கு மரியதாஸ் பட்டாவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து ஆட்கள் இருக்கக் கதிரைகள் ஏற்றி இறக்கினார். மணம் போகவில்லை. பறை அடிக்க அடிக்க, ஒழுங்கையில் திரிகிற பூனைகள் எல்லாம் பட்டாவைச் சுற்றிக் காவலிருந்தன. அழுதுகொண்டிருந்த அக்கா அதைக் கண்டு சிரித்து, பிறகு இன்னும் கூட அழுதா.

காரைக் கராச்சுக்காரரே பழைய இரும்பாக எடுத்துக்கொண்டார். மரியதாஸ் இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம், அதே ஆஸ்பத்திரி நாட்களில், படலைக்கு வந்து, பூனைகளுக்கு ஒரு பிடி சூடை போட்டுவிட்டு, அண்ணை உங்கடை பிழைதான் என்று தொடங்குவார். நான் உம்மடை பிழைதான் காணும் என்பேன்.

போன கிழமை கேட்டுவிட்டேன். "மரியதாஸ், இப்ப காரும் இல்லை, கேசும் இல்லை, அத்தானும் இல்லை. உண்மையைச் சொல்லும். ஆரின்ரை பிழை?"

அவர் பூனைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அதைச் சொல்லி முடிச்சால், பிறகு எந்தச் சாட்டில அண்ணை நான் இஞ்சை வாறது?"

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "சண்டை முடிஞ்சால் ரெண்டு பேரும் வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"இன்னும் முடியேல்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டே மரியதாஸ் செருப்பைக் கழற்றினார்.