2091-இல் வெளிச்சம் எந்த வீட்டாருக்கு?

லாகோஸில் வருங்காலக் கதைகளை அச்சிடும் ஆசிரியர் அம்மையாருக்கு, டெமாபிரி ஊரிலிருந்து டகோகோ வீட்டாரின் தலைவன் சோக்கரி எழுதுவது. நானும் என் வீட்டாரும் நலம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்கக் கடவுளையும் எங்கள் ஆற்றுத் தெய்வங்களையும் வேண்டுகிறேன்.

சென்ற இதழில் எங்கள் ஊரை வைத்து வந்த கதையைப் படித்தேன். 2091-இல் எண்ணெய் எடுப்பது ஓய்ந்து, கழிமுகத்துக்கு நண்டு திரும்பி வந்து, கடல் ஓதம் ஏறி இறங்கும்போது சுழலும் சக்கரங்களால் ஊருக்கே மின்சாரம் வருகிறது. முப்பது வருடம் எண்ணெய்க் குழாய்க்குக் காவலிருந்துவிட்டு, வீட்டில் ஜெனரேட்டர் புகையைக் குடித்தவன் நான். அந்த நண்டு வந்த இடத்தில் அழுதேவிட்டேன். ஆனால் அடுத்த பக்கத்திலேயே சக்கரங்களின் உரிமையை எங்களோடு எதற்கும் போட்டிக்கு நிற்கும் ஓபுபோ வீட்டாருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்களே, இது அடுக்குமா? கதைதானே என்று தாங்கள் சொல்லலாம். ஓபுபோ வீட்டுத் தலைவர் டோன்யே அப்படிச் சொல்லவில்லை. இதழும் கையுமாக ஊர்ச்சபைக்கு வந்து, வருங்கால வெளிச்சம் தங்களுடையது என்பதால் வருகிற சனிக்கிழமை முகமூடி ஊர்வலத்தில் தம் வீட்டாரே முதலில் போக வேண்டும் என்றார். ஆறு தலைமுறையாக அது எங்கள் இடம். நான் மறுத்தேன், அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார், எங்கள் மேளக்காரரே அவர் பக்கம் சாய்ந்து, "அச்சுல வந்துடுச்சே தலைவரே, நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டார். என் சொந்த மருமகன் அந்த வீட்டில் போய் மின் இணைப்புக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், வெட்கக்கேடு. ஆகவே சக்கரங்கள் டகோகோ வீட்டாருடையவை என்று சனிக்கிழமைக்குள் ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டு அனுப்பவும். அந்த இடம் போனால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. தாங்கள் அனுப்புவீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

தங்கள் குடும்பம் பெருகவும், தங்கள் சட்டியில் மீன் குறையாதிருக்கவும் வாழ்த்தும்,
சோக்கரி டகோகோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் டோன்யே வந்தார். கதையின் கடைசிப் பக்கத்தை இன்றுதான் படித்தாராம். சக்கரத்துக்கு உரியவர் தினமும் ஓதம் வற்றியதும் இடுப்பளவு சேற்றில் இறங்கி, அதில் ஒட்டிய சிப்பிகளைத் தம் கையாலேயே சுரண்ட வேண்டுமாம். உரிமையை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் என் முதுகுவலியைப் பற்றிச் சொன்னேன். அவர் தம் முழங்காலைப் பற்றிச் சொன்னார். மீன் உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி இபிசோ திரும்பிப் பார்த்தாள்.

"சிப்பி எடுக்க நாங்க பொம்பளைங்க தினம் அந்தச் சேத்துலதானே கிடக்குறோம். சக்கரத்தை எங்ககிட்ட குடுங்க. ஊர்வலத்துல எங்களுக்குப் பின்னால யாரு வர்றதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க."

திருத்தத்தில் 'பெண்கள்' என்று போடவும். இரண்டாம் இடத்துக்கு டோன்யேவும் நானும் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம்.