மாமனார் கடித்த ரம்புட்டான்

காதலுக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால், தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததில்தான் ஆண்பிள்ளை போய்க் கை வைப்பான். பாடத் தெரிந்தவன் கவிதை எழுதுவான். கவிதை எழுதத் தெரிந்தவன் பைக்கில் சாகசம் காட்டிக் காலை உடைத்துக்கொள்வான். தென்காசியில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கம்பளி நூலில் ரம்புட்டான் பழம் பின்னினேன். (இப்போதே சொல்லிவிடுகிறேன். பழத்தை நான் ஒழுங்காகத்தான் பின்னினேன். கேவலப்பட்டதெல்லாம் அதற்குப் பிறகு.)

காதல் என்கிறேனே தவிர, பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம்தான். பெண் ஊர் சுரண்டை. பெயர் கோமதி. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கடை அடைத்ததும் அவளுக்குப் போன் செய்வேன். செய்வேனே தவிர, என்ன பேச வேண்டும் என்று எனக்கு ஒரு இழவும் தெரியாது.

“சாப்டியா?”

“ம்.”

“என்ன சாப்ட?”

“தோசை.”

“தொட்டுக்கிட?”

இவ்வளவுதான் எங்கள் காதல். மறுநாள் தோசை இருந்த இடத்தில் சப்பாத்தி வரும், மற்றதெல்லாம் அப்படியே. ஒருநாள் சட்னியா சாம்பாரா என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடையில் புகுந்தாள்.

“ஒங்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேற ஒண்ணுமே பேசத் தெரியாதா? ஓட்டல்ல சப்ளையர் கேக்க மாதிரிலா இருக்கு.”

நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

“சிரிக்காதீய. வெளையாட்டுக்குச் சொல்லல. ஆயுசுக்கும் இட்லியா தோசையான்னே கேட்டுட்டு இருப்பீயளோன்னு எனக்குப் பயமா இருக்கு. இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமான்னு அப்பாட்ட கேக்கப் போறேன்.”

அவள் வைத்துவிட்டாள். பெண் வீட்டில் ‘யோசிக்கிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று எனக்கு வேர்த்து ஊற்றியதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனவள் அவள். அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல வேண்டிய வாய்தான் சட்னியில் போய் நின்றுகொண்டது.

கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்குப் போன் செய்து அழாத குறையாகப் புலம்பினேன்.

“பேச வரலன்னா விட்டுத் தள்ளு. கையால ஏதாவது செஞ்சு குடுல. கடையில வாங்குனதா இருக்கப்படாது. அந்தப் பிள்ளைக்கு ஒம் மனசு புரியும்” என்றாள்.

“எனக்கு என்னக்கா செய்யத் தெரியும்?”

“அதுவும் சரிதான்” என்று வைத்துவிட்டாள். (கூடப் பிறந்தவள்.)

அன்றிலிருந்து யூடியூப்தான் கதி. அதில் ஒரு பெண் குரோஷா ஊசியால் நூலை இழுத்து இழுத்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஸ்ட்ராபெர்ரி, கேக், பன் எல்லாம் பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் குட்டிக் கண், குட்டி வாய். பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். குற்றாலச் சீசனில் ரம்புட்டான் வந்துவிட்டால் கோமதிக்குச் சோறே வேண்டாம் என்று அவள் அம்மா பெண் பார்த்த அன்று சொன்னது ஞாபகம் வந்தது. சிவப்பாக ஒரு உருண்டை, அதன்மேல் முடி முடியாகக் கொஞ்சம் நூல். இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

சன்னதித் தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய் ஊசியும் சிவப்பு நூலும் கேட்டேன். கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, “வீட்டுல யாரு பின்னுதா?” என்றாள். “எங்கம்மா” என்றேன். “அப்ப அம்மாவக் கூட்டிட்டு வாங்க தம்பி, ஊசியில நெறைய சைஸு இருக்கு” என்றாள். எந்த சைஸ் என்றாலும் அம்மா சமாளித்துக்கொள்வாள் என்று வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

கடை விட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். “பொண்ணுகிட்டப் பேசுதான், யாரும் மாடிக்குப் போகாதீய” என்று அம்மா படிக்கட்டில் காவல் நிற்பாள். நான் பேசியதெல்லாம் நூலிடம். வீடியோவைப் பார்த்துக்கொண்டே கோமதிக்கு எப்படிப் போன் செய்வது? நான்கு நாளைக்கு ஒருமுறைதான் கூப்பிட்டேன். “இப்ப சாப்டியான்னு கேக்கவும் ஆளில்ல, என்ன?” என்றாள் ஒருநாள். குரல் சரியில்லை. ‘பொறு பிள்ளே, ரம்புட்டான் வருது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் பழம் முடிந்தது. சிவந்த உருண்டை, சுற்றிலும் மயிர், நடுவில் முழித்துப் பார்க்கிற இரண்டு கறுப்பு மணிக் கண்கள். தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் வீடெல்லாம் மிளகாய் நெடி. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எந்தச் சண்டாளியோ ஒனக்குச் செய்வினை வச்சிருக்கால. தலமாட்டுலயே வச்சிருக்கா! செவப்பு நூலும் முடியும் கண்ணுமா, பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு.”

“அது எங்கம்மா இப்ப?”

“பூசாரியக் கூட்டியாந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சிற்றாத்துல விட்டாச்சு. நீ திரும்பிப் பாக்காம போயி மொகத்தக் கழுவு.”

முகத்தைக் கழுவிவிட்டு மாடிக்குப் போய் முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தேன். இரண்டாவது பழம் முதலாவதைவிட அழகாக வந்தது. நுனியில் கொஞ்சம் பச்சை நூல்கூடச் சேர்த்தேன். கண்ணையும் வாயையும் அடிப்பக்கமாக வைத்துவிட்டேன், மறுபடியும் யாரும் பூசாரியைக் கூப்பிட்டுவிடக் கூடாதே. உள்ளே அடைக்க என் தலையணையைக் கிழித்துப் பஞ்சு எடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எனக்கே உரித்துத் தின்னலாம் போலிருந்தது.

இதற்குள் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகச் சந்திப்பது எங்கள் இரண்டு வீட்டிலும் நடக்காது. ஆனால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன இடத்தில் இரண்டு குடும்பமும் ‘தற்செயலாக’ ஒரே வேனில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டால் அதில் குற்றமில்லை. ஐந்தருவி என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் அம்மா, அக்கா, நான். அவர்கள் பக்கம் கோமதி, அவள் அம்மா, அப்பா.

போன இடத்தில் கோமதி என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. குளிக்கப் போகிற வழியில் என் அக்காவிடம் மட்டும், “வீட்டுக்குப் போயி அப்பாட்ட ஒரு விஷயம் பேசணும் மைனி” என்று சொல்லியிருக்கிறாள். அக்கா வந்து என் காதில் போட்டாள். அருவியில் நின்றபோது தலையில் தண்ணீர் விழுகிறதா கல் விழுகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

என் திட்டம் இதுதான். ஒரு பை ரம்புட்டான் வாங்கி, அதற்குள் என் பழத்தைப் போட்டு, கோமதி கையில் கொடுப்பது. அவள் பழம் என்று எடுப்பாள், பார்த்தால் கம்பளி, திருப்பினால் சிரிக்கிற முகம். இதைவிட ஒரு மனிதன் என்ன பேச முடியும்? பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தருவிக் குரங்குகளைப் பற்றி ஊரெல்லாம் எச்சரிக்கிற தென்காசிக்காரன் நான், அதில் ஏமாறுவேனா? வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்தி, பையை அவளிடம் நீட்டினேன்.

அம்மா பாதியிலேயே பையைப் பிடுங்கிவிட்டாள். “பெரியவாளுக்குக் குடுக்காம பிள்ளைட்ட நீட்டுதான் பாரு! அண்ணாச்சி, மொதல்ல நீங்க எடுங்க.”

கோமதியின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதை வாங்கினாலும் பார்க்க மாட்டார். முகம் ஒரு பக்கம் இருக்கும், கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போகும். அப்போது அவர் வேன் டிரைவரிடம் இலஞ்சி வழியாக வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று தகராறு செய்துகொண்டிருந்தார். கை பைக்குள் போயிற்று. அத்தனை பழத்தில் அந்தக் கை எதை எடுத்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

“மாமா...” என்றேன். அவர் டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். உடையவில்லை. பேச்சை நிறுத்தாமலே பல்லுக்குக் கொண்டுபோய் ஒரே கடி. வெடுக்கென்று இழுத்தார். பஞ்சு வாய்க்குள் போயிற்று.

“தூ! உள்ள பூராம் பூசணம் பூத்துல்லா கெடக்கு!” என்று ஜன்னல் வழியாக வீசி எறிந்தார்.

வெளியே ஒரு குரங்கு அதை அந்தரத்திலேயே பிடித்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. ஈர வேட்டியும் தோளில் துண்டுமாகக் குதித்து இறங்கி, “ஏ குடு! குடு ஏ!” என்று கத்திக்கொண்டே குரங்கின் பின்னால் ஓடினேன். அது வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஒரு சிப்ஸ் கடையின் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது. கடைவாசலில் தொங்கிய வாழைத்தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினேன். இறங்கி வந்து வாங்கிக்கொண்டது. என் பழத்தையும் வைத்துக்கொண்டது. குளிக்க வந்த கூட்டம் பாதி செல்போனைத் தூக்கிவிட்டது.

“ஒரு பழத்துக்கா தம்பி இந்தப் பாடு?” என்றார் சிப்ஸ் கடை அண்ணாச்சி. “நான் ஒரு கொத்து தாறேன், போங்க.”

“எனக்கு அந்தப் பழம்தான் வேணும்!”

“அழுகுன பழம்ல அது!” என்று பின்னால் வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சோறு போடாம வளத்தேன்னுல்லா நெனைப்பாவ. மானம் போச்சே!”

திரும்பிப் பார்த்தேன். கோமதி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. தன் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படியே, “நான் சொன்னேன்லா? இவ்வோளுக்குத் தீனியைத் தவிர ஒண்ணும் கெடையாதும்மா” என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (நல்லவேளை, சாரல் விழுந்துகொண்டிருந்தது.)

மேலே குரங்கு தன் வேலையைப் பொறுமையாகச் செய்தது. முதலில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. பிறகு மாமா கடித்ததில் அவிழ்ந்திருந்த நுனியைக் கண்டுபிடித்து இழுத்தது. நான் மாடியில் உட்கார்ந்து பின்னியதெல்லாம் சரசரவென்று பிரிந்து, தகரக் கூரையிலிருந்து சிவப்பு நூலாக என் தலைமேல் இறங்கியது. ஒரு கறுப்பு மணி தகரத்தில் உருண்டு கோமதியின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். என் தோளில் கிடந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள். “இது உல்லன் நூலுலா? பழத்துக்குள்ள எப்படி வந்துது?”

“அது பழமில்ல” என்றேன். “நான் பின்னுனது. ஒனக்குக் குடுக்க.”

மாமாதான் முதலில் பேசினார். “அப்ப நான் கடிச்சது?”

“எந் தலகாணிப் பஞ்சு மாமா.”

“அடப் பாதகத்தி மவனே!” என்றாள் அம்மா. பாதகத்தி யார் என்று அவள் யோசிக்கவில்லை. “அப்ப நான் ஆத்துல விட்டது?”

“அதுவும் ஒரு ரம்புட்டான்தான்மா.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள், “நீங்களே பின்னுனீயளா? எனக்காகவா?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் ஏதாவது சொல்ல வேண்டும். ஃபேனைத் திருப்பி வைத்தாயே, அன்றிலிருந்து உன்னைப் பிடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

“சாப்டியா?”

அவளுக்கு வந்த சிரிப்பில் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. “சாப்பாட்டைத் தவிர வேற பேசுங்கன்னா, சாப்பாட்டையே பின்னிட்டு வந்திருக்கீயளே! இன்னும் சாப்டல. என் பழத்தைக் கொரங்குலா தின்னுட்டு.”

என் பழம் என்று சொன்னாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அவள் பேசிய ஒரே விஷயம், ஆவணியிலேயே நாள் பார்க்கச் சொன்னதுதான். ஃபேன் விஷயத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னேன். “எனக்கும்தான் வேர்த்துது, ரெண்டு பக்கமும் திரும்புத மாதிரிதான் வச்சேன். அது ஒங்க பக்கமே நின்னுட்டு” என்றாள். பரவாயில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது.

இப்போதும் ஒவ்வொரு சீசனுக்கும் ஐந்தருவிக்குப் போகிறோம். அதே போல வேனில் உட்கார்ந்து ரம்புட்டான் தின்கிறோம். எதையும் பார்க்காமல் வாங்குகிற என் மாமனார், ரம்புட்டானை மட்டும் கையில் வாங்கி, உருட்டி, அமுக்கி, அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கேட்பார்.

“மாப்ள, இது மரத்துல காய்ச்சதா, ஒங்க கையில காய்ச்சதா?”

பதிலைக் கோமதிதான் சொல்வாள்.

“கடிச்சுப் பாருங்கப்பா.”