சங்கிலிமுத்து பிடித்த டிஷ்

"டிகிரி பாத்து வைக்கணும் அண்ணாச்சி. அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. நாளைக்கு வாரேன்."

டிஷ் மெக்கானிக் மகேஷ்குமார் இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சங்கிலிமுத்து கையிலிருந்த செல்போனையே முறைத்துப் பார்த்தார்.

"கேட்டியா குருவு? டிகிரி படிச்சவந்தான் டிஷ் வைக்கணுமாம். எம்புட்டுத் திமிரு பாத்தியா அவனுக்கு!"

"அவரு சொன்னது அந்த டிகிரியா இருக்காதுங்க" என்றாள் மனைவி குருவம்மாள். "டிஷ்ஷ எம்புட்டுச் சாய்ச்சு வைக்கிறதுங்கிற கணக்கா இருக்கும்."

"எந்த டிகிரியா இருந்தா என்ன? எம் மக டிகிரி படிக்கா. அவளுக்கு அப்பன் நான். நானே வைக்கேன்."

அவர் மகள் சினேகா மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். மாணவர் பட்டிமன்றம் ஒன்றில் பேசியிருந்தாள். அது இன்றைக்குப் பதினோரு மணிக்கு டிவியில் வருகிறது. வீட்டில் இருந்த பழைய பெட்டியில் யார் மூஞ்சியும் பிசைந்த மாவு மாதிரிதான் தெரியும். மகளை அப்படிப் பார்க்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? எச்டி செட்டாப் பெட்டியும் புது டிஷ்ஷும் ஆர்டர் போட்டார். பார்சல் நேற்றே வந்துவிட்டது. மாட்டிக் கொடுக்கத்தான் திங்கட்கிழமைக்கு முன்னால் ஆள் இல்லை.

இதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சாத்தூர் காராச்சேவு ரெண்டு கிலோ வேறு வாங்கி வைத்தாகிவிட்டது.

"இன்னைக்கே பாத்தாகணுமா?" என்று இழுத்தாள் குருவம்மாள். "லீவுக்கு வரும்போது அவளே போன்ல காட்டுவால்ல."

"பெத்தவ பேசுற பேச்சா இது? நேத்து அவளும் இப்படித்தான், 'நீங்க பாக்காட்டியும் பரவாயில்லப்பா'ங்கா. அது அவ அடக்கம். உனக்கு என்ன வந்துச்சு?"

குருவம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சங்கிலிமுத்து அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வேலை நடக்கிற இடத்தில் செல்போன் கூடாது என்பது அங்கே சட்டம். மொட்டை மாடியும் இன்றைக்கு வேலை நடக்கிற இடம்தானே? செல்போனை அணைத்து அலமாரியில் வைத்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டார். இரும்புச் சுத்தியல் பொறி கிளப்பும் என்று அதையும் தள்ளி வைத்துவிட்டு மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"டிஷ்ஷுக்குள்ள என்னங்க, வெடிமருந்தா கெட்டிச்சு வச்சிருக்கு?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"பழக்கம்னா பழக்கம்தான். இன்னைக்கு விட்டா நாளைக்குக் கம்பெனியிலயும் விட்ருவேன்."

முதல் வேலையாகப் பழைய டிஷ்ஷைக் கழற்றினார். கழன்ற வேகத்தில் அது கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயின் துவைகல்லில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பப்படம் மாதிரி நெளிந்திருந்தது.

"புதுசு ஓடுதான்னு பாத்துட்டுப் பழசக் கழட்டியிருக்கலாம்ல அண்ணே?" என்றாள் வெள்ளைத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அட, ஆமாம்! சங்கிலிமுத்துவுக்கும் அது சுருக்கென்று பட்டது. ஆனால் ஒப்புக்கொள்கிற ஆளா அவர்?

"திரும்பிப் போக வழி இருந்தா வேலை நடக்காது தாயி" என்று சொல்லிவிட்டுப் போல்ட்டை எடுத்தார்.

கைப்பிடிச் சுவரில் போல்ட்டை வைத்து மரச் சுத்தியலால் அடித்தார். மரம் சிதறியதே தவிர போல்ட் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒன்று போட்டார். போல்ட் அப்படியே நிற்க, முறம் அகலத்துக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது.

"என்னங்க அங்கன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சுவரு சொத்தச் சுவரு. வேற வழி பாக்கேன்."

வேறு வழி ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதில் சிமெண்டும் மணலும் குழைத்து ஊற்றி, நடுவில் டிஷ்ஷின் குழாயை நட்டு, மாடியின் தென்கோடியில் வைத்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

"சிமெண்டு இறுக ஒரு நாளாகுமேண்ணே" என்றாள் வெள்ளைத்தாய்.

"நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்."

டப்பா தென்கோடிக்குப் போனதில் புதுத் தொல்லை ஒன்று வந்தது. சுவரில் மாட்டுவதற்கென்று அளந்து வெட்டிய வயர் நாலு முழம் போதவில்லை. சங்கிலிமுத்து அசரவில்லை. பத்தாயிரம் வாலா சரத்துக்குத் திரி கட்டியவர் அவர். வெட்டிய மிச்ச வயரை எடுத்தார், இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கினார், பிரவுன் தாளில் பசை தடவிச் சுற்றினார், மேலே நூலால் ஒரு கட்டுக் கட்டினார். திரியாக இருந்தால் அதைப் பார்த்து முதலாளியே பாராட்டியிருப்பார்.

"குருவு! டிவியப் போடு! வந்துருச்சா?"

"வரல! 'சிக்னல் இல்லை'ன்னு எழுதி வருது. பெட்டி வேற அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க!"

"அணைஞ்சு எரியுதா? திரி நமுத்துப் போச்சுன்னு அர்த்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டைப் பிரித்தார். வயருக்குள் நடுக்கம்பிமேல் சுற்றுக்கம்பி படக்கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. ஈரப் பசை வேறு உள்ளே இறங்கியிருந்தது.

"அண்ணே, இது உங்க சாமானா?" வெள்ளைத்தாய் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "காலையில உங்க ஜன்னல்ல இருந்து வந்து விழுந்துச்சு."

வயரோடு வயரை இணைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் கொடுத்த திருகு அது. வேண்டாத சாமான் என்று எறிந்தது யார் என்று அவள் கேட்கவில்லை, நல்ல மனுஷி. சங்கிலிமுத்துவும் சொல்லவில்லை.

புதுசாக வெட்டி, திருகைப் போட்டு இறுக்கி முடித்தபோது மணி பத்தே முக்கால். கீழே தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைத்தாயும் போய் வாசல்படியோரம் இடம் பிடித்துவிட்டாள். காராச்சேவு நொறுங்குகிற சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. இனித் தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் இருந்த மற்ற டிஷ்களைப் பார்த்து அதே பக்கமாகத் திருப்பினார்.

"வந்துருச்சா?"

"வரல!"

"இப்ப?"

"வரலைங்க! விட்டுட்டு இறங்கி வாங்க, பாவம் வெயிலு!"

"செத்தாலும் விடமாட்டேன்! இப்ப?"

"வரல!"

ஒரு விரல்கடை இடப்பக்கம். ஒரு நூல் மேலே. மணி பதினொன்று ஆனது, பதினொன்று ஐந்தும் ஆனது. இருக்கன்குடி மாரியம்மனை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு இன்னும் ஒரு நூல் சாய்த்தார்.

"வந்துருச்சு அண்ணே!" என்று வெள்ளைத்தாய்தான் கத்தினாள். "சினேகா! அந்தா நம்ம சினேகா!"

சங்கிலிமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டிஷ்ஷை விட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினார். மூன்றாவது படியில் கால் வைக்குமுன் கீழே மொத்தக் கூட்டமும் "ஐயையோ, போச்சு!" என்று அலறியது. திரும்பிப் பார்த்தால், ஈரச் சிமெண்டில் நட்ட குழாய் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் நிமிர்த்திப் பிடித்தார். "இப்ப?"

"வந்துருச்சு!"

கொடிக்கயிறு ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. காலால் இழுத்து, குழாயைத் தண்ணீர்த் தொட்டியின் பைப்போடு சேர்த்து மூன்று சுற்றுக் கட்டினார். போர்மேன் கட்டு. அசையாது.

"கெட்டிட்டேன் குருவு! படம் நிக்குதா? கீழ வரட்டா?"

கீழே பெண்கள் குசுகுசுவென்று என்னவோ பேசிக்கொண்டார்கள்.

"நிக்கலைங்க!" என்று கத்தினாள் குருவம்மாள். "நீங்க கையால பிடிச்சாத்தான் வருது! அங்கனயே நில்லுங்க! அசையாதீக!"

சங்கிலிமுத்து டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பு படியில் கிடந்தது. தளம் அடுப்பாகச் சுட்டது. மகள் முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனையும்? கிடக்கட்டும். தெருவே பார்க்கிறது, தான் ஒருத்தன் பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இதுதானே தகப்பன் வேலை.

கீழே சிரிப்பு வெடித்தது.

"என்ன சொல்லுதா?"

"நல்லாப் பேசுதா!"

மறுபடி சிரிப்பு. யாருக்கோ புரையேறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல் ஒரு கணம் மேலே வந்தது. 'எங்க அப்பா' என்ற ரெண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. சங்கிலிமுத்துவின் கண் நிறைந்துவிட்டது.

"ஏ குருவு! என்னப் பத்தியா பேசுதா?"

"ஆமாங்க, உங்களப் பத்தியேதான்! அசையாதீக!"

அசையவில்லை அவர். காலை மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நின்றார். கை மரத்துப்போனது. மூக்கு நுனியில் ஈ வந்து உட்கார்ந்தது, அதையும் விரட்டவில்லை. சிரிப்பு அடங்கிப் பெரிதாகக் கைதட்டல் கேட்டது. பிறகு விளம்பரப் பாட்டு வந்தது.

வெள்ளைத்தாய் ஒரு செம்பில் மோரோடு மாடிக்கு வந்தாள். அவள் கண் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"அழுதுட்டியா தாயி?" என்றார் சங்கிலிமுத்து நெகிழ்ந்துபோய்.

"கண்ணுல தண்ணி வராம என்ன செய்யும் அண்ணே?"

"பரிசு உண்டா?"

"உங்க மகளுக்குத்தான் மொதப் பரிசு!"

"எம் மகள்ல!" டிஷ்ஷை விடாமலே நெஞ்சை நிமிர்த்தினார். "தலைப்பு என்ன தாயி? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

வெள்ளைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'எல்லாத்தையும் தானே ரிப்பேர் பாக்குற அப்பாவால வீட்டுக்கு உதவியா, உபத்திரவமா?'ன்னு தலைப்பு. நம்ம சினேகா உபத்திரவம் கட்சி. நீங்க தண்ணி மோட்டாரப் பிரிச்சு மாட்டுன கதைய அது சொல்லும்போது படம் ஒரு புள்ளிகூட ஆடல அண்ணே, அம்புட்டு நல்லாப் பிடிச்சீக!"