ஒரே நாளில் ஏழு சட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நன்றாக இருந்த குடும்பத்தில் கொளுத்திப் போட்டவருக்கு என்ன குறைச்சல்?

சர்க்கரை குறையத் தினமும் நடக்கும்படி டாக்டர் சொன்னார். உங்கள் மனைவி, வெளிநாட்டில் இருந்துகொண்டு, சாட்சிக்குத் தினம் ஒரு படம் கேட்டாள். பெற்ற தகப்பனை நம்பாமல் இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ஒருநாள் காலையில் ஏழு சட்டைகளோடு பூங்காவுக்குப் போய், மரத்துக்குப் பின்னால் மாற்றி மாற்றி அணிந்து, ஒரு வாரத்துக்கான படங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். காவலாளிகூட, "என்ன சார், சட்டை விக்கிறீங்களா?" என்று கேட்டார். தினம் ஒன்றாக அனுப்பினேன். "மங்கலா வருதுப்பா, ஃபைலா அனுப்புங்க" என்றாள். நானும் கர்ம சிரத்தையாக அப்படியே அனுப்பினேன். அந்த ஃபைலுக்குள் படம் எடுத்த தேதியும் நேரமும் இடமும் ஒளிந்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வுபெற்றவன் நான். என்னை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அளந்துவிட்டீர்கள். பார்த்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறீர்கள்.

சரி, போனில் தேதியை மாற்றிவிட்டு எடுப்போம் என்று மாற்றினேன். பேங்க் ஆப் திறக்க மறுத்தது, மாத்திரைக்கு வைத்த அலாரம் அடிக்கவில்லை, உங்கள் அத்தை போட்ட சத்தம்தான் தெருமுனை வரை கேட்டது. பிறகு கீழ்வீட்டு போட்டோகிராபர் சொல்லிக்கொடுத்தபடி விவரங்களையெல்லாம் துடைத்துவிட்டு அனுப்பினேன். "ஒண்ணுமே இல்லாம வர்ற படம்தான்பா சந்தேகமா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. போன் வந்தால் அம்மாவோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்து இருமிக் காட்டினாலும், அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் சோம்பேறித்தனம். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. நாளையிலிருந்து கட்டாயம் நடக்கிறேன். இதை அவளிடம் காட்டி, ஒரு தடவை என்னோடு பேசச் சொல்லுங்கள்.

இருவரும் சண்டையில்லாமல், முடிந்தால் எங்களைப் போலல்லாமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: நடக்க முடியவில்லை மாப்பிள்ளை. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அன்றைக்குப் பூங்காவுக்கே டாக்சியில்தான் போனேன். தெரிந்தால் புது வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். சோம்பேறி என்றே நினைத்துக்கொள்ளட்டும். அவளிடம் காட்டுவதற்கு முன்னால் இந்தப் பின்குறிப்பை மட்டும் நீக்கிவிடுங்கள்.